மோல் கணக்குக்கு முக்கோணம் எதற்கு?

கேள்வி: என் மகள் குடியாத்தத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், தமிழ் வழி. மோல் கணக்கில் எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது என்று தெரியாமல் விழிக்கிறாள். டியூஷனில் தந்த சூத்திர முக்கோணத்தையும் 22.4 என்ற எண்ணையும் வைத்துப் போட்டாலும் விடை தப்புகிறது. இதற்கென்று தனி வகுப்பாம், தனிப் பணமாம். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. புத்தகமும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

ஹார்டுவேர் கடையில் ஆணியை எண்ணித் தருவதில்லை, நிறுத்துத்தான் தருகிறார்கள். ஓர் ஆணியின் எடை தெரிந்தால் கிலோவுக்கு எத்தனை என்று சொல்லிவிடலாம். அணுவையும் அப்படித்தான் எண்ணுகிறோம். 6.022 × 10²³ துகள்கள் சேர்ந்தது ஒரு மோல். அதன் எடை மோலார் நிறை. அந்தப் பெரிய எண்ணை ஒப்பிக்க வைப்பதில் நம் பள்ளிகளுக்கு இருக்கும் அக்கறையில் பாதியாவது, பிள்ளை கையில் ஒரு தராசைக் கொடுப்பதில் இருந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதியே இருக்க மாட்டீர்கள்.

சரி, சுண்ணாம்புக்கல்லை எடுப்போம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோலில் முடி நீக்கப் போடும் சுண்ணாம்பு இதைச் சுட்டுத்தான் வருகிறது. அதிலுள்ள அணுக்களின் நிறை: கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16 வீதம் மூன்று என்பதால் 48. கூட்டினால் 100, அதாவது ஒரு மோலுக்கு 100 கிராம். கையில் 25 கிராம் இருந்தால் 25-ஐ 100-ஆல் வகுக்க வேண்டும்: 0.25 மோல். சுட்டால் அதே 0.25 மோல் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் ஒரு கால்சியம், ஒரு ஆக்சிஜன்; மோலார் நிறை 56. பெருக்கினால் 14 கிராம். மீதி 11 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிட்டது. கிராமிலிருந்து மோலுக்குப் போக வகுத்தோம், திரும்பி வரப் பெருக்கினோம். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் கிராமா, மோலா என்று எழுதச் சொல்லுங்கள். பாதித் தப்பு அங்கேயே நின்றுவிடும்.

இனி அந்த 22.4. குறுக்கு வழி விற்பவர்களின் செல்லப்பிள்ளை இது. ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் இடம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வாயுவுக்கு மட்டும். அதுவும் 0 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில், அழுத்தம் மாறாவிட்டாலும், அதே வாயு சுமார் 25.7 லிட்டருக்கு விரிந்துவிடும். திண்மத்துக்கும் திரவத்துக்கும் இந்த எண் பக்கத்திலேயே வரக்கூடாது. கேள்வியில் 0 டிகிரி செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தம் என்ற நிலையைக் கண்ணால் பார்க்காமல் உங்கள் மகள் 22.4-ஐத் தொடக்கூடாது. அதைச் சொல்லாமல் முக்கோணத்தை மட்டும் அச்சடித்துக் கொடுத்துக் காசு வாங்குகிறார்கள், கேட்பார் இல்லை.

அப்படியும் சேர்த்தே ஆக வேண்டும் என்று வீட்டில் சொன்னால், பணம் கட்டும் முன் அந்த ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: 36 கிராம் தண்ணீர் எவ்வளவு இடம் பிடிக்கும்? ஏறத்தாழ 36 மில்லி என்றால் யோசிக்கலாம். ஒரு மோல் தண்ணீர் 18 கிராம், ஆக இது இரண்டு மோல், அதனால் 44.8 லிட்டர் என்றால் பர்ஸைத் திறக்காமல் வந்துவிடுங்கள்.