உள்ளூர்ப் பிள்ளைகளையும் வெளிமாநிலப் பிள்ளைகளையும் மரபு விளையாட்டுகளால் ஒன்று சேர்ப்பது எப்படி?

கேள்வி: திருப்பூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடியா, பீகார் குடும்பங்கள் நிறைய. அவர்கள் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் ஒரே தெருவில் இருந்தும் சேர்ந்து ஆடுவதில்லை. கபடி, பல்லாங்குழி போன்றவற்றை வைத்து ஞாயிறு வகுப்பு மாதிரி ஏதாவது நடத்தலாமா? எப்படித் தொடங்குவது?

பதில்:

நடத்தலாம். ஆனால் பேனர் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, "நம் பண்பாட்டை அவர்களுக்குக் கற்றுத் தருகிறோம்" என்று தொடங்கினால் மூன்றாவது வாரம் அந்தப் பிள்ளைகள் வரமாட்டார்கள். விருந்தாளியாக எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? இந்த விளையாட்டுகளில் பல அவர்கள் ஊரிலும் உண்டு, விதிகள்தான் வேறு. அந்த வேறுபாட்டைத்தான் பாடமாக்க வேண்டும்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். பத்து முதல் பதினான்கு வயது வரை 24 பேர். அதற்கு மேல் போனால் இரண்டு பெரியவர்களால் பார்த்துக்கொள்ள முடியாது. ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறரை வரை, பத்து வாரம். பெரியவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஒடியாவோ இந்தியோ பேசும் ஒருவரும் கட்டாயம் தேவை, பெற்றோரில் ஒருவரே போதும். அணித்தலைவர்கள் ஆள் பொறுக்கும் வழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். பொறுக்கவிட்டால் மொழிவாரியாகத்தான் பிரிவார்கள். நான்கு நிறத் துணித்துண்டுகளை ஒரு பையில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள், வாராவாரம் புதிதாக. கம்பெனித் துண்டுத் துணிக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை.

முதல் விளையாட்டு ஏழு கல்: அடுக்கிய கற்களை ஓர் அணி பந்தெறிந்து கலைத்து, எதிரணி பந்தால் அடிப்பதற்குள் மறுபடி அடுக்கும் ஆட்டம். வடக்கே பிட்டு, கர்நாடகத்தில் லகோரி, ராஜஸ்தானில் சதோலியா. பேச்சே இல்லாமல் ஆடலாம். உடைந்த டைல்ஸ் துண்டுகளை ஐந்து அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை ஏழாக எடுத்து, ஓரங்களைச் சொரசொரப்பான சிமெண்டில் தேய்த்துவிடுங்கள். தேய்க்காவிட்டால் அவசரமாக அடுக்கும்போது விரல் கிழியும். எறியும் கோடு 12 முதல் 15 அடி தூரத்தில். பந்து மெத்தென்ற ரப்பர் பந்தாக இருக்கட்டும், இடுப்புக்குக் கீழேதான் அடி. டென்னிஸ் பந்து ஈரமானால் நன்றாக வலிக்கும்.

விதிச் சண்டை இங்கேயே தொடங்கிவிடும். பந்தை வைத்துக்கொண்டு ஓடலாமா, மூன்று எறிக்குள் விழாவிட்டால் அடுத்த ஆள் வருவதா அணியே மாறுவதா, அடுக்கி முடித்ததும் விளையாட்டின் பெயரைக் கத்த வேண்டுமா என்று. நீங்கள் தீர்ப்பு சொல்லாதீர்கள். கொலம்பியாவின் மெடயின் நகரத்துத் தெருக்களில் 1990-களில் நடந்த கால்பந்துத் திட்டத்திலிருந்து வளர்ந்து, இன்று 'ஃபுட்பால் த்ரீ' என்ற பெயரில் பல நாடுகளில் இருக்கும் முறையை இங்கே எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு மூன்று பகுதி: முதலில் இரு அணியும் உட்கார்ந்து விதியை ஒப்புக்கொள்வது, பிறகு ஆட்டம், கடைசியில் மறுபடி உட்கார்ந்து ஒப்புக்கொண்டபடி நடந்தோமா என்று பேசி நேர்மைக்குத் தனிப் புள்ளி போடுவது. நடுவர் கிடையாது, பேச்சு நகர உதவும் ஒருவர் மட்டும். விதியில் ஒத்துப்போகவில்லையா? முதல் பாதி ஒடியா விதி, இரண்டாம் பாதி நம் விதி. முடிவானதை ஒரு நோட்டில் பிள்ளைகளே எழுதட்டும். முன்பேச்சுக்குப் பத்து நிமிடம் போதும், மொழிபெயர்ப்பதால் அதற்கே இருபதாகிவிடும். பின்பேச்சில் முதல் இரண்டு வாரம் எல்லாரும் எல்லாருக்கும் முழுப் புள்ளி போடுவார்கள். "எந்த விதி உடைந்தது, எப்போது?" என்று குறிப்பாகக் கேட்டால்தான் வாய் திறக்கும்.

இரண்டாம் வாரம் ஒடியாப் பெண் பிள்ளைகள் கையில் கொடுங்கள். குமார பூர்ணிமா என்ற ஒடிசாப் பண்டிகைச் சமயத்தில் பெண்கள் ஆடும் 'புச்சி' என்ற விளையாட்டு அவர்களுக்கு உண்டு. குந்தி உட்கார்ந்தபடியே துள்ளித் துள்ளிக் கால்களை மாற்றி மாற்றி நீட்ட வேண்டும். பழக்கமில்லாதவருக்கு ஒரு நிமிடமே பெரும்பாடு, தொடை பிடித்துக்கொள்ளும். கபடியில் சூரன் என்று திரிகிற பையன் இதில் பொத்தென்று விழுவதை எல்லாரும் பார்ப்பது நல்லது. பிறகு இதையே வாராவாரம் உடல் சூடேற்ற வைத்துக்கொள்ளலாம்.

கபடியை நான்காம் வாரத்துக்கு முன் தொடாதீர்கள். முகம் பழகாமல் ஆளைப் பிடித்துத் தள்ளும் ஆட்டம் ஆடினால் அது ஆட்டமாக நிற்காது. ஆண்களுக்கான ஆடுகளம் 13×10 மீட்டர், பெண்களுக்கு 12×8. உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாவதே தாராளம். கொங்கு மண் காய்ந்தால் கல்லாகிவிடும், ஒரு சாண் ஆழம் கொத்தி, கல் பொறுக்கி, முதல் நாளே தண்ணீர் தெளித்து வையுங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும், வளையல், மோதிரம், அரைஞாண் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். பத்து கிலோவுக்கு மேல் எடை வித்தியாசம் உள்ளவர்களை எதிரெதிரே விடக்கூடாது. ஆணும் பெண்ணும் கலந்து ஆடினால் தொடுவது மட்டும், பிடி கிடையாது.

போட்டி விதிப்படி 'கபடி' என்றுதான் பாட வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் வேண்டாம். சடுகுடு என்றோ, வங்கத்துப் பிள்ளை இருந்தால் ஹாடுடு என்றோ அவரவர் ஊர்ப்படி பாடட்டும். மூச்சு விட்டானா இல்லையா என்பது தீராத வழக்கு என்பதால் முப்பது விநாடிக் கணக்கு நல்லது. அந்தக் கணக்கை எதிரணி உரக்க எண்ணட்டும், பாடி வருபவனின் மொழியில். ஏகா, துயி, தினி, சாரி என்று முப்பது வரை ஒடியாவில் எண்ணத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மூன்று ஞாயிறு போதும். மொழிப்பாடம் என்று தனியாக எதுவும் வைக்க வேண்டாம்.

கிட்டிப்புள் கேட்பார்கள். எல்லா ஊரிலும் உண்டு, ஆசையும் அதிகம். புள் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். 24 பேர் நடமாடும் இடத்தில் வேண்டாம் என்பதே என் கருத்து.

கடைசி அரை மணி நேரம் உட்கார்ந்து ஆடுவது. காவல் வேலைக்கு வந்த நேபாளக் குடும்பம் இருந்தால் அந்தப் பிள்ளையைத் தேடிக் கூப்பிடுங்கள். நம் ஆடுபுலியில் 3 புலி, 15 ஆடு. அவர்களின் 'பாக் சால்' 25 புள்ளிச் சதுரக் கட்டத்தில் 4 புலி, 20 ஆடு. இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்துவிட்டால் யாரும் எழுந்து போகமாட்டார்கள். பல்லாங்குழிக்குக் குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டை. அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுக்காதீர்கள், மென்றால் கொடிய விஷம். மூத்த பெண் பிள்ளைகள் தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். வேண்டாமென்றால் அவளும் வரமாட்டாள். அந்தக் குழந்தைகளுக்கு ஒரு பாயும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும், கொட்டைகள் அவர்கள் கைக்கு எட்டாமல்.

பெற்றோரின் சம்மதத்தை அவர்கள் மொழியிலேயே எழுதி வாங்குங்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் தனித்திருக்கக் கூடாது, வாட்ஸாப்பில் படம் போடக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐச் சுவரில் எழுதி வையுங்கள். கோப்பை தருகிறேன் என்று யாராவது வந்தால் இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டும் சுண்டலும் கேளுங்கள்.

தீபாவளி கழிந்த ஆறாம் நாள் சட் பூஜை, பீகார்க்காரர்களின் பெரிய சூரிய வழிபாட்டுப் பண்டிகை. பீகார்க் குடும்பங்களில் பல அந்தச் சமயம் ஊருக்குப் போய்விடும், சில திரும்பாது. அதனால் பத்து வாரத்தை ஜனவரி நடுவில், பொங்கல் முடிந்து தொடங்குவது மேல். இடையில் ஹோலிக்கு ஒரு வாரம் விடுங்கள். நடுவில் வந்து சேரும் பிள்ளையையும் அன்றே பையில் கைவிட்டுத் துணி எடுக்கச் சொல்லுங்கள்.