கூரை வேலைக்கு வருபவர்கள் விழாமல் இருக்க வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

மாரிக்கு முன்னர் ஒழுகும் சீற் கூரையைத் திருத்த இரண்டு பேரை நாட்சம்பளத்துக்குப் பிடித்திருக்கிறீர்கள். அவர்கள் விழாமல் இருக்க நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்தில் கூரை வேலை செய்பவன். பெரிய கட்டடம் என்றால் கொன்ராக்ரர் இருப்பார், மேற்பார்வைக்கு ஆள் இருக்கும். கொக்குவிலிலோ சாவகச்சேரியிலோ ஒரு குசினிக் கூரைக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. பலகை, கயிறு, அவசரப்படாமல் செய்ய நேரம் மூன்றையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கூரை ஓரத்தை எல்லோரும் கவனிப்பார்கள். சீற் கூரையில் எனக்கு அதைவிடப் பயம் நடுப்பகுதி. பழைய அஸ்பெஸ்டஸ் சீற் பார்வைக்கு நல்லதுபோலக் கிடக்கும். காலை வைத்ததும் உடைந்து ஆள் நேரே சீமெந்து நிலத்தில் விழுவார். வெளிச்சத்துக்குப் போட்ட கண்ணாடிச் சீற் இன்னும் மோசம். பாசியும் தூசியும் படிந்தால் மேலே நிற்பவருக்கு எது சீற், எது கண்ணாடி என்றே தெரியாது. வேலை தொடங்க முதல் வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் வரும் இடங்களை ஏறப்போகிறவருக்குக் காட்டிவிடுங்கள்.

ஆணி வரிசையில் மிதித்தால் கீழே மரம் தாங்கும் என்பார்கள். அதை நம்பி ஒருவரையும் ஏற்றாதீர்கள். கால் ஒரு சாண் விலகினால் வெறும் சீற். மரம் உக்கியிருந்தால் ஆணியடியும் உதவாது. குறைந்தது மூன்று குறுக்கு மரங்களில் படியக்கூடிய நீளப் பலகை இரண்டு வேண்டும். ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை நகர்த்தலாம். ஒன்றுதான் இருக்கிறதென்றால், அதை நகர்த்த அவர் சீற்றிலேயே கால்வைக்க வேண்டிவரும். உள்ளே மேடை கட்டிக் கீழிருந்தே மாற்றக்கூடிய சீற்றுக்கு ஆளை மேலே அனுப்பவே தேவையில்லை.

ஏணி 12 அடி உயரத்தில் சாய்கிறதென்றால் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். தலை கூரை விளிம்புக்கு மேல் 3 அடி நீண்டிருந்தால்தான் பிடித்துக்கொண்டு கால் மாற்றலாம். மழைத்தண்ணீர் ஓடும் பீலியில் சாய்க்க வேண்டாம். மணல் முற்றம் என்றால் அடியில் பலகை வைத்து, மேலே கயிற்றால் கட்டுங்கள். மின்கம்பி பக்கம் அலுமினிய ஏணியைக் கொண்டுபோகவே கூடாது.

பெல்ட் நல்லதுதான், தோளையும் தொடையையும் பிடிக்கிற முழு பெல்ட் என்றால். ஆனால் அதை எதில் கட்டுவது? உக்கின மரத்தில் கட்டினால் மரமும் சேர்ந்து வரும்.

சோளகக் காற்று பலமாக அடிக்கும்போது சீற் தூக்க விடாதீர்கள். மழை தூறினால் இறங்கச் சொல்லுங்கள், அரைநாளில் நின்றாலும் முழுச் சம்பளம் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். அந்தச் சம்பளத்தில்தான் அன்றைய அடுப்பு எரியும் என்பதால் பலர் ஈரக் கூரையிலும் நின்று வேலை செய்கிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் வெந்துபோயிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது விழுந்தால், தூக்கி ஓட்டோவில் மடக்கி ஏற்ற வேண்டாம். கழுத்தோ முதுகெலும்போ உடைந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே கால் செயலிழக்கலாம். அசைக்காமல் கிடந்தபடியே விட்டு, 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.