பெரிய எல்இடி திரை: விலைப்புள்ளி கேட்கும் முன் கேட்க வேண்டியவை

எல்இடி திரை அமைப்பது குறித்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை விலைப்புள்ளி கைக்கு வந்த பிறகே எழுதப்படுகின்றன. அதற்குள் அளவும் வகையும் ஏறக்குறைய முடிவாகிவிட்டிருக்கும். இம்முறை, இன்னும் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காதவர்களின் கேள்விகளையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் அரங்கில் முதல் வரிசை திரையிலிருந்து 5 மீட்டர், கடைசி வரிசை 21 மீட்டர். ஒரு விற்பனையாளர் 1.5 மி.மீ. பிக்சல் பிட்ச் வேண்டும் என்கிறார், இன்னொருவர் 2.5 மி.மீ. போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டாமவர் சொல்வதே சரி. பிக்சல் பிட்ச் என்பது அடுத்தடுத்த இரு ஒளிப்புள்ளிகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரம். மி.மீட்டரில் உள்ள அந்த எண்ணையே மீட்டராக எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய அதுவே திரையை நெருங்கிப் பார்ப்பதற்கான எல்லை என்பதும், கண் உறுத்தாமல் பார்க்க அதைப்போல் இரு மடங்கு தள்ளி அமர வேண்டும் என்பதும் துறையில் புழங்கும் கைக்கணக்கு. 2.5 மி.மீ. திரைக்கு அது 5 மீட்டர். உங்கள் முதல் வரிசை சரியாக அங்கேதான் இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் 2.5 மி.மீ. திரைக்கு 1,60,000 பிக்சல்களும் 1.5 மி.மீ. திரைக்கு ஏறத்தாழ 4,44,000 பிக்சல்களும் இருக்கும். விலையும் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையைத்தான் பின்தொடரும். ஐந்து மீட்டருக்கு அப்பால் அவ்வளவாகப் புலப்படாத நுணுக்கத்துக்கு அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை.

அந்தப் பணத்தைத் திரையின் உயரத்தில் போடுங்கள். கடைசி இருக்கையின் தூரத்தை எட்டால் வகுத்தால் வருவதற்குக் குறையாத உயரம் வேண்டும். உங்களுக்கு அது 2.6 மீட்டருக்குச் சற்று மேல். 600 × 337.5 மி.மீ. அளவுள்ள கேபினட்களை, அதாவது திரையாக அடுக்கப்படும் பெட்டிகளை, அகலத்தில் எட்டும் உயரத்தில் எட்டுமாக அடுக்கினால் 4.8 × 2.7 மீட்டர் திரை கிடைக்கும். 2.5 மி.மீ. பிட்சில் அது மிகச் சரியாக 1920 × 1080 பிக்சல் ஆகிவிடுவதால், கணினியிலிருந்து வரும் படத்தைச் சுருக்கவோ நீட்டவோ வேண்டியிராது.

எழுத்தின் அளவை ஏனோ யாரும் கேட்பதில்லை. ணை, ழீ போன்ற எழுத்துகளின் சுழிகள் தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், 21 மீட்டரிலிருந்து படிக்க வேண்டிய தமிழ் எழுத்து 12 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் திரையில் அது 48 பிக்சல். வரியிடைவெளியையும் சேர்த்தால் ஒரு பக்கத்தில் பன்னிரண்டு வரிகளுக்கு மேல் கொள்ளாது. நம்பிக்கை வரவில்லையென்றால், ஒரு தாளில் ‘இணையவழி’ என்ற சொல்லை அந்த உயரத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு, கடைசி வரிசையின் ஓரத்து நாற்காலியில் போய் அமர்ந்து பாருங்கள்.

கேள்வி: திரையைச் சுவரோடு ஒட்டிப் பொருத்தினால் போதுமா, பின்னால் இடம் விட வேண்டுமா?

கேபினட்டின் முகப்பில் பொருந்தும் சிறு எல்இடி பலகையான மாட்யூலை எந்தப் பக்கமிருந்து கழற்றுவது என்பதைப் பொறுத்தது. முன்பக்கம் கழற்றும் வகையென்றால் சுவரோடு ஒட்டலாம். பின்பக்கம் திறக்கும் வகைக்கு ஓர் ஆள் உள்ளே நின்று கை நீட்டி வேலை பார்க்க 70 முதல் 80 செ.மீ. நடைவழி வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் பின்பக்கம் திறக்கும் திரையைச் சுவரோடு ஒட்டி வரைந்த ஒரு வரைபடத்துக்கு நானே ஒப்புதல் கொடுத்தேன். மூன்று மாதத்தில் நடுவில் உள்ளங்கை அளவு ஒரு பகுதி அணைந்தது; அதை மாற்ற மேலிருந்து ஒரு பத்தி கேபினட்கள் முழுவதையும் இறக்க வேண்டியதாயிற்று.

சுவரின் வலிமையும் பார்க்கப்பட வேண்டும். சதுர மீட்டருக்கு 30 கிலோ என்று வைத்தால்கூட, மேற்சொன்ன 13 சதுர மீட்டர் திரை இரும்புச் சட்டத்தோடு அரை டன்னைத் தொடும். ஜிப்சம் தடுப்பு அதைத் தாங்காது. சட்டத்தின் பளு தரைக்கோ கட்டடத் தூணுக்கோ போக வேண்டும். சட்டத்தின் சமதளம் அதைவிட முக்கியம். ஓரிடத்தில் மி.மீட்டர் கணக்கில் பிசகினாலும், திரை முழுதும் வெள்ளை போடும்போது இரு கேபினட்களுக்கு நடுவே மெல்லிய கோடாக அது தெரிந்துவிடும். மென்பொருளால் அதை ஓரளவு மறைக்கலாமே தவிர, நீக்க முடியாது.

கேள்வி: ‘உச்ச மின்தேவை 6.5 கிலோவாட், சராசரி 2.2 கிலோவாட்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எதைக் கணக்கில் கொள்வது?

கம்பி, பிரேக்கர், ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கு உச்ச மதிப்பையும் மின்கட்டணத்துக்குச் சராசரியையும் கொள்ளுங்கள். முழு வெள்ளைத் திரை உச்சத்தையும், வழக்கமான காணொளி சராசரியையும் இழுக்கும். வெண்பின்னணி ஸ்லைடுகளையே நாள் முழுதும் ஓட்டும் அலுவலகங்களில் சராசரி கூடும். இந்த மின்சாரம் ஏறக்குறைய அனைத்தும் அறைக்குள் வெப்பமாகவே வெளிவரும். ஒரு டன் குளிரூட்டல் என்பது 3.5 கிலோவாட் என்பதால், உச்ச நிலையில் உங்கள் ஏசிக்கு ஏறத்தாழ 1.9 டன் கூடுதல் சுமை.

எல்லா கேபினட்களும் ஒரே நொடியில் உயிர்பெற்றால் பிரேக்கர் விழும். ஆகவே, வரிசை வரிசையாக மின்சாரம் கொடுக்கும் விநியோகப் பெட்டியை விலைப்புள்ளியிலேயே கேளுங்கள். யுபிஎஸ், படத்தைத் திரைக்கு அனுப்பும் கன்ட்ரோலருக்கும் கணினிக்கும் இருந்தால் போதும்.

கேள்வி: அதே உள்ளரங்கத் திரையை நுழைவாயிலில் கூரைக்கு அடியில் வைக்கலாமா?

வேண்டாம். உள்ளரங்கத் திரைகள் 600 முதல் 1,000 நிட்ஸ் (ஒளிர்வின் அலகு) அளவுக்கானவை. நேர் வெயிலில் தெரிய 5,000 நிட்ஸ் அளவில் தேவைப்படும். கூரை மழையைத் தடுக்கலாம், சாரலையும் தூசியையும் தடுக்காது. முன்பக்கம், தூசியும் பீய்ச்சும் நீரும் புகாத ஐபி65 தரம் வேண்டும். காற்றையும் மறந்துவிடாதீர்கள். நொடிக்கு 40 மீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ எடைக்கு ஈடாக அழுத்தும் என்பதால், 20 சதுர மீட்டர் திரைக்கு அது இரண்டு டன். அந்தக் கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளர் போட்டுக் கையெழுத்திட வேண்டும், திரை விற்பவர் அல்ல.

கேள்வி: நேரலையில் திரை முழுதும் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. நேரில் பார்த்தால் எதுவும் இல்லை.

ரிஃப்ரெஷ் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது, போதவில்லை. படமெடுக்கும் அரங்குகளுக்கு 3,840 ஹெர்ட்ஸ் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் கேமராவின் ஷட்டர் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: திரையை ஒப்புக்கொள்ளும்போது எதைச் சோதிப்பது?

சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுதும் போட்டு, ஒரு முறை அருகிலும் ஒரு முறை கடைசி இருக்கையிலும் நின்று பாருங்கள். பிறகு விளக்குகளை அணைத்து மிக மங்கிய சாம்பல் நிறத்தைப் போடச் சொல்லுங்கள். பளிச்சென்ற காணொளியில் ஒளிந்துகொள்ளும் திட்டுகள் அதில் வெளிவந்துவிடும். இயங்கும்போதே ஒரு டேட்டா கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பதும் என் வழக்கம். ஒரு கேபிள் போனாலும் படம் வந்துசேர்வதற்கான மாற்றுப்பாதை உண்மையிலேயே இணைக்கப்பட்டிருந்தால் படம் நிலைத்து நிற்கும்.

உதிரி மாட்யூல்களைத் திரையோடு சேர்த்தே, அதே உற்பத்தித் தொகுதியிலிருந்து வாங்குங்கள். ஓராண்டு கழித்து வேறு தொகுதியில் வாங்கிப் பொருத்தினால் அந்த ஒரு கட்டம் மட்டும் வேறு நிறச்சாயலில் தெரியும். வாங்கியவற்றை ஈரம் புகாத உறையிலேயே விட்டு, உறையின் மேல் தொகுதி எண்ணை எழுதி, சாவி யாரிடம் இருக்கும் என்பது தெரிந்த ஓர் அலமாரியில் வையுங்கள்.