சூரியன் மறைஞ்சதும் கேமராவை மூடிடாதீங்க!

கேள்வி: அக்காவுக்கு தை மாசம் நாகப்பட்டினத்துல கல்யாணம். போட்டோகிராஃபர் மண்டபத்துக்கு மட்டும்தான் பேசியிருக்கு, சாயங்காலம் பீச்ல பொண்ணு மாப்பிள்ளையை எடுக்குற வேலை என் தலையில. ஃப்ரெண்ட்ஸை நிக்க வச்சு எடுத்துப் பாத்தேன், வானம் சூப்பரா வருது, மூஞ்சி மட்டும் கருப்படிச்சிடுது. ஃபிளாஷ் போட்டா ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருக்கு. என்ன பண்றது?

பதில்: தம்பி, ஃபிளாஷை விடுங்க, நிக்க வைக்கிற திசையே தப்பு. இன்ஸ்டாவுல பாத்துட்டு எல்லாரும் சூரியன் பக்கமே கேமராவைத் திருப்புறாங்க, ஆனா உங்க ஊர்ல கடல் கிழக்கால இருக்கு, சூரியன் ஊருக்குள்ளதான் எறங்கும், அப்ப மேற்க பாத்து எடுத்தா பின்னாடி விழறது கரண்ட் கம்பமும் பஜ்ஜிக் கடையும், அக்கா மூஞ்சியில வெளிச்சமே கிடையாது. அப்படியே மாத்துங்க. ரெண்டு பேரும் கடலுக்கு முதுகு காட்டி ஊரைப் பாத்து நிக்கட்டும், நீங்க கடலைப் பாத்து எடுங்க. சூரியன் இருக்கும்போது வேணாம், கண்ணு கூசி மாப்பிள்ளை மூஞ்சியைச் சுளிப்பாரு. மறைஞ்சு அஞ்சு பத்து நிமிஷம் போகட்டும், மேற்கு வானம் மொத்தமும் ஒரே லைட்டா மாறிடும், மூக்குக்குக் கீழ நிழல் விழாது, நெத்திச்சுட்டி கல்லு ஒவ்வொண்ணும் மெதுவா மின்னும். அதே நேரம் அவங்க முதுகுக்குப் பின்னாடி, கடலுக்கு மேல ரோஸ் கலர்ல ஒரு பட்டை தெரியும், அதுக்கு அடியில சாம்பல் நீலத்துல இன்னொண்ணு. அந்த நீலம் பூமியோட நிழல்தான், வானத்துல விழுது. மேகம் இல்லாத நாள்ல மட்டும்தான் கிடைக்கும், தை மாசம்னா பெரும்பாலும் மழை விட்டிருக்கும், உங்களுக்கு யோகம்.

ஆனா நேரம் ரொம்பக் கம்மி. நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கோம்ல, சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா எறங்குது, மறைஞ்சப்புறம் ஒரு 20, 22 நிமிஷம்தான் உருப்படியான வெளிச்சம். லண்டன்காரனுக்கு அரை மணிக்கு மேல கிடைக்கும், அவன் டீ குடிச்சுட்டே எடுக்கலாம். தை ஆரம்பத்துல உங்க பக்கம் 6 மணியை ஒட்டி சூரியன் மறையும், அப்ப மேக்கப், பூ வைக்கிறது, புடவை மடிப்பு சரி பண்றது எல்லாம் முடிச்சு 5:45க்கே மணல்ல நிக்கணும். ரிசப்ஷன் மேக்கப்காரங்க கிட்ட ஒரு மணி நேரம் முன்னாடியே டைம் சொல்லி வைங்க, பொய் சொன்னாலும் தப்பில்ல.

செட்டிங்னு பாத்தா, ரெண்டு பேரு இருக்கறதால அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துவாரத்தோட அளவை, 1.8ல வைக்காதீங்க, ஒருத்தர் அரை அடி பின்னாடி நின்னாலே மங்கிடுவாங்க, 2.8 போதும். ஷட்டர் வேகம் 1/125 செகண்டை விட மெதுவாப் போக வேணாம். வெளிச்சம் குறையக் குறைய ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டுற அளவை, 3200 வரைக்கும் தைரியமா ஏத்துங்க, புள்ளி விழுந்த படத்தைப் பின்னாடி சரி பண்ணிக்கலாம், ஆடிப்போன படத்தை ஒண்ணும் பண்ண முடியாது. ஒயிட் பேலன்ஸ், அதாவது கேமரா கலரைச் சரி பண்ற செட்டிங், ஆட்டோவுல வேணாம், டேலைட்ல வைங்க, இல்லன்னா அந்த ரோஸை கேமராவே துடைச்சு எடுத்துரும்.

கேள்வி: மதுரை. தம்பிக்கு ஞாயித்துக்கிழமை கல்யாணம். 'விளக்கு வைக்கிற நேரத்துல புதுப்பொண்ணு மாப்பிள்ளையை வாசப்படி தாண்ட விடமாட்டேன்'னு அப்பத்தா ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க. அவுட்டோர் போட்டோ கேன்சலா?

பதில்: அப்பத்தாவை எதிர்த்து எடுத்த படத்துல யாரு மூஞ்சியிலயும் சிரிப்பு இருக்காது, விட்ருங்க. ஞாயிறு 4:30லேர்ந்து 6 வரைக்கும் ராகு காலம் வேற, அதுக்கும் ஏதாச்சும் சொல்லுவாங்க. வாசப்படி தாண்டாமலே எடுக்கலாம்ங்க. வாசக்கதவை ரெண்டு பக்கமும் திறந்து வைங்க, உள்ள ரேழியில குத்துவிளக்கை ஏத்தி பொண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்துல உக்காரட்டும், வீட்டு டியூப் லைட்டு அத்தனையும் ஆஃப். சூரியன் மறைஞ்சு கால் மணி தாண்டினதும் வெளிய வானம் அடர்நீலமாகும், ஒரு சில நிமிஷம் அந்த நீலமும் விளக்கோட மஞ்சளும் கிட்டத்தட்ட சரிசமமா நிக்கும். அதுக்கு முன்னாடி எடுத்தா விளக்கு தெரியாது, பின்னாடி எடுத்தா வாசல் வெறும் கருப்பு. அப்பத்தாவையே திரி தூண்டச் சொல்லுங்க, பாதி சண்டை அங்கயே தீந்துரும்.

கேள்வி: கோயம்புத்தூர். என் கூரைப்பட்டு நல்ல அரக்கு சிவப்பு. ஏரிக்கரையில இருட்டுற நேரம் எடுத்த படத்துல அது காப்பிக் கலர்ல இருக்கு, என் மூஞ்சி மட்டும் வெள்ளை வெளேர்னு. அது நானே இல்ல!

பதில்: ரெண்டும் வேற வேற சங்கதி. புடவை மங்குனது வெளிச்சத்தால, அந்த நேரத்து வெளிச்சத்துல நீலம் தூக்கலா இருக்கும், சிவப்பு கம்மி, அப்ப பட்டுக்கு அதோட நிறம் எங்கேர்ந்து வரும்? சின்ன லைட் ஒண்ணுல ஆரஞ்சு ஜெல் பேப்பர் (லைட்டோட கலரை மாத்துற கண்ணாடித் தாள்) ஒட்டி பக்கவாட்டுல அடிச்சிருந்தா ஜரிகையும் சேந்து எழுந்திருக்கும். மூஞ்சி வெள்ளையானது எடிட்டிங்ல பண்ண வேலை. கேக்காமலே கலரைக் கூட்டுறது ஒரு வியாதி, நல்ல மாநிறத்தைச் சுண்ணாம்பு அடிச்சு வைக்கிறாங்க. கேமரா எடுத்தபடியே சேத்து வச்ச ரா ஃபைல் இருக்கான்னு கேளுங்க, இருந்தா புடவைச் சிவப்பை ஓரளவு மீட்டுடலாம், மூஞ்சியை அப்படியே விடச் சொல்லுங்க. ஆல்பம் பிரிண்ட் போறதுக்குள்ள சொல்லணும், அப்புறம் சொன்னா எக்ஸ்ட்ரா காசு கேப்பாங்க.

கேள்வி: கேமரா எல்லாம் இல்ல, போன் மட்டும்தான். முடியுமா?

பதில்: தாராளமா. நைட் மோடு பல படத்தை அடுக்கி ஒண்ணாக்குது, அதனால ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சு ரெண்டு மூணு செகண்ட் அசையாம நிக்கணும், முந்தானை பறக்குற ஷாட் அதுல வராது. மூஞ்சியில விரலை வச்சு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழ இழுங்க, வானம் வெளிறாது. பியூட்டி மோடை முதல்ல ஆஃப் பண்ணுங்க, கோயம்புத்தூர்க்காரங்க புலம்பலை மேல படிச்சீங்கல்ல.