சுவிஸ் ஊர்த் திருவிழாக்கள்: நீங்கள் கேட்டவை

இருபது வருடமாகச் சூரிச்சில் இருக்கிறேன். விடுமுறை கிடைத்தால் இங்குள்ள ஊர்த் திருவிழாக்களைத் தேடிப் போய்விடுவேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஒரே ஒரு விழாவுக்குத்தான் போக முடியும் என்றால் எதற்குப் போகலாம்?

பாசல் நகரத்தில் நடக்கும் ஃபாஸ்னக்ட் என்ற வேட விழாவுக்குப் போங்கள். சாம்பல் புதனுக்கு (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் நாள்) அடுத்து வரும் திங்கட்கிழமை, அதிகாலை 4 மணிக்கு ஆரம்பம். தூக்கம் போனால் போகட்டும், அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள். நகரத்தின் நடுப்பகுதியில் தெருவிளக்குகள் ஒரேயடியாக அணையும். கூட்டம் மூச்சுவிடாமல் நிற்கும். ஒரு கட்டளைக் குரல் கேட்கும். அடுத்த நொடி நாலாபக்கத்திலிருந்தும் முரசும் சின்னப் புல்லாங்குழலும் ஒன்றாக எழும். ஆள் உயரத்தை விடப் பெரிய, படம் வரைந்த விளக்குகள் இருட்டுக்குள் அசைந்து வரும். எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும்.

சரியாக 72 மணி நேரம் நடந்து, வியாழன் அதிகாலை 4 மணிக்கு முடிந்துவிடும். பார்க்கப் போகிறவர்கள் வேடம் போடுவதோ முகத்தில் சாயம் பூசுவதோ அங்கே வழக்கமில்லை. விழாவின் பதக்கத்தை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்ளுங்கள். தூவுகிற காகிதத் துண்டுகளை ஒரே நிறத்தில்தான் விற்பார்கள். பல நிறம் கலந்திருந்தால் தரையிலிருந்து அள்ளியது என்று அர்த்தம். குளிருக்கு, வறுத்த மாவில் காய்ச்சிய சூப் குடியுங்கள்.

கேள்வி: அப்பென்செல் பக்கம் உர்னேஷ் கிராமத்தில் வருடத்தின் கடைசி நாளை இரண்டு தடவை கொண்டாடுகிறார்களாமே, ஏன்?

1582இல் போப் கிரிகோரி நாட்காட்டியை மாற்றினார். அந்தப் பகுதி புரட்டஸ்தாந்து மக்கள் அதை நீண்டகாலம் ஏற்கவில்லை. பழைய கணக்கில் டிசம்பர் 31 என்பது இப்போதைய ஜனவரி 13. அதனால் இரண்டு நாளும் கொண்டாட்டம். அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் முந்தின நாள் சனிக்கிழமைக்கு மாற்றிவிடுவார்கள்.

முகமூடி அணிந்த ஆண்கள் கூட்டமாக, பெரிய மணிகளைச் சுமந்து வீடு வீடாகப் போவார்கள். 'அழகர்கள்' தலையில் கிராம வாழ்க்கையே சின்னச் சின்னப் பொம்மைகளாக இருக்கும். 'அசிங்கர்கள்' வைக்கோலும் தோலும் பல்லுமாகப் பயங்கரமாக வருவார்கள். ஆனால் நான் போவது அந்தப் பாட்டுக்காக. மணிச்சத்தம் நின்றதும், பனி மூடிய முற்றத்தில் வார்த்தையே இல்லாமல் குரலை ஏற்றி இறக்கிப் பாடும் யோடல் மெதுவாக எழும். வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வாழ்த்துவார், குடிக்கவும் கொடுப்பார். முகமூடியைக் கழற்றாமல் ஸ்ட்ரா வைத்துக் குடிப்பார்கள்.

கேள்வி: நவம்பரில் பிள்ளைகள் போகும் விளக்கு ஊர்வலத்துக்குப் பிள்ளையிடம் 'ரேபெ' விளக்கு கேட்டிருக்கிறார்கள். எப்படிச் செய்வது?

ஊதாவும் வெள்ளையுமான டர்னிப் கிழங்குதான் ரேபெ. மேலே மூடிபோல வெட்டி, கரண்டியால் உள்ளே சுரண்டுங்கள். சுவர் ஒரு சென்டிமீட்டர் அளவு மெல்லியதாக வேண்டும், அப்போதுதான் வெளிச்சம் தெரியும். நட்சத்திரம், நிலா எல்லாம் ஊதாத் தோலை மட்டும் சீவி எடுத்தால் போதும், ஓட்டை போட வேண்டாம். நாங்கள் முதல் வருடம் ஓட்டை போட்டு, பாதி வழியில் மெழுகுதிரி அணைந்து பிள்ளை அழுதுவிட்டாள். சுரண்டிய சதையை எறியாதீர்கள், தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைக்கலாம்.

கேள்வி: சூரிச்சில் எரிக்கிற பனிமனிதன் சொல்லும் கோடைக் கணிப்பு பலிக்குமா?

வானிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது உள்ளே வெடி வைத்த பொம்மை. ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை மாலை 6 மணிக்குத் தீ மூட்டுவார்கள். தலை சீக்கிரம் வெடித்தால் நல்ல கோடை என்பது நம்பிக்கை. 2003இல் ஆறு நிமிடத்துக்குள் வெடித்தது, அந்தக் கோடை ஐரோப்பாவே கொதித்தது. 2023இல் 57 நிமிடம் எடுத்தது. 2024இல் காற்று பலமாக இருந்ததால் அன்று எரிக்கவே இல்லை. கூட்டம் கலைந்த பிறகு தணலில் சாசேஜ் சுடுவார்கள், அதுவரை நில்லுங்கள்.

கேள்வி: ஜெனீவாவில் டிசம்பரில் சாக்லேட் பானையை ஏன் உடைக்கிறார்கள்?

1602 டிசம்பர் 11 இரவு, ஜெனீவாவைப் பிடிக்க, பக்கத்து நாடான சவோயின் படை ஏணி வைத்து மதிலேறியது. ரோயோம் அம்மா என்ற பெண் கொதிக்கும் சூப்பைப் பானையோடு படைவீரன் தலையில் போட்டாள் என்பது ஊர்க்கதை. அந்தப் பானைதான் இது. உள்ளே மார்சிபானில் (பாதாமும் சர்க்கரையும் அரைத்த இனிப்பு) செய்த கேரட், முள்ளங்கி இருக்கும். கூடியிருப்பவர்களில் மூத்தவரும் இளையவரும் கை சேர்த்து உடைக்க வேண்டும். வகுப்பிலேயே உங்கள் பிள்ளைதான் சின்னவர் என்றால், அன்று ஆசிரியரோடு சேர்ந்து அடிப்பது அவர்தான்.