பத்து மணி நேரம் படுத்தே இருப்பது நல்ல தூக்கமா?

அமெரிக்காவில் வாழும் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) முதியவர்களின் தூக்கம், டிமென்ஷியா எனும் மறதி நோய் பற்றி வந்த கேள்விகளும் எங்கள் மருத்துவக் குழுவின் பதில்களும்.

கேள்வி: முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மெக்சிகோவைப் பூர்விகமாகக் கொண்ட பெரியவர்கள் இங்கே அதிகம். லத்தீனோ மக்களுக்கு டிமென்ஷியா கூடுதலாக வருகிறது என்கிறார்களே, தூக்கக் கோளாறும் ஒரு காரணமா?
– வாசகி, ஹூஸ்டன்

பதில்: 65 வயதைத் தாண்டிய வெள்ளையரைவிட அதே வயது லத்தீனோக்களுக்கு டிமென்ஷியா ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம் என்கிறது அமெரிக்காவின் அல்சைமர் சங்கம். பிறவியிலேயே வந்த குறை என்று இதை நினைத்துவிட வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் பருமன், இளமையில் படிக்க வாய்ப்பில்லாமை, மருத்துவக் காப்பீடு இல்லாமை என்று பல சேர்ந்துதான் இந்த நிலை.

தூக்கத்தைப் பொறுத்தவரை கொஞ்சம் நிதானம் தேவை. மறதி நோயைத் தவிர்க்க மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணிகளை 2024-ல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியலிட்டது. தூக்கம் அதில் இல்லை. தூக்கம் கெட்டதால் மூளை கெடுகிறதா, மூளையில் நோய் தொடங்கிவிட்டதால் தூக்கம் கெடுகிறதா என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் 'ஸ்லீப் ஆப்னியா' ரத்த அழுத்தத்தை ஏற்றும், சர்க்கரையைக் கட்டுக்கு அடங்காமல் செய்யும். அவை இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே கவனிக்க வேண்டியதில் முதலிடம் இதற்குத்தான்.

கேள்வி: எங்கள் சம்பந்தியம்மா போர்ட்டோ ரீக்கோக்காரர், நியூயார்க்கில் இருக்கிறார். வயது 71. இரவு 9 மணிக்குப் படுத்தால் காலை 7 மணிக்குத்தான் எழுகிறார். பகலிலும் டிவி முன்னால் கண்ணயர்ந்துவிடுகிறார். சமீபமாக ஞாபகமும் குறைகிறது. வயதானவர் தூங்கட்டும் என்று விட்டுவிடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: விடக் கூடாது. நியூயார்க்கின் பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ ஆகிய இடங்களில் 16,000-க்கும் மேற்பட்ட லத்தீனோக்களை 2008 முதல் பின்தொடரும் பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் நடுத்தர வயதினரையும் முதியவர்களையும் 7 ஆண்டு இடைவெளியில் சோதித்தபோது, 9 மணி நேரத்துக்கு மேல் தூங்குபவர்களின் கற்கும் திறனும் நினைவாற்றலும் கூடுதலாகச் சரிந்திருந்தன. நீண்ட தூக்கமே மூளையைக் கெடுத்தது என்று இதற்கு அர்த்தமில்லை. இரவுத் தூக்கம் தரமில்லாமல் போவதற்கோ, மூளையில் தொடங்கிவிட்ட மாற்றத்துக்கோ அது அடையாளமாக இருக்கலாம்.

அதே ஆய்வில் வீட்டிலேயே கருவி மாட்டிச் சோதித்தபோது, 100 பேரில் சுமார் 10 பேருக்கு மிதமான அல்லது கடுமையான ஆப்னியா இருந்தது. அப்படி ஒரு நோய் தமக்கு இருப்பதாக மருத்துவர் சொன்னார் என்று கூறியவர்களோ 100-க்கு ஒன்றிரண்டு பேர்தான். நெஞ்சை உறுத்தும் இடைவெளி இது.

வீட்டில் இருப்பவர் செய்ய வேண்டியது: அவர் தூங்கிய பிறகு அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து கவனிக்கட்டும். முடிந்தால் விடியற்காலையிலும் ஒரு முறை. கனவுத் தூக்கம் அப்போது அதிகம், மூச்சுத் தடையும் கூடும். மல்லாந்து படுக்கும்போது குறட்டை ஏறி, சட்டென்று நின்று, மார்பும் வயிறும் மட்டும் அசைந்து, 10 நொடியோ அதற்கு மேலோ கழித்துத் திணறலோடு மூச்சு வந்தால் அது ஆப்னியாதான் என்று சந்தேகிக்கலாம். போனில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். பெண்களுக்குப் பெருங்குறட்டை இல்லாமலும் இருக்கும். காலைத் தலைவலி, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவது, ஓயாத அசதி ஆகியவையே அறிகுறியாக நிற்கும்.

வீட்டுச் சோதனையில் மூக்கில் மெல்லிய குழாய், மார்பில் பட்டை, விரலில் கிளிப், அவ்வளவுதான். மணிக்கு 5 மூச்சுத் தடைக்குக் கீழ் இயல்பு. 15-ஐத் தொட்டால் மிதம். 30-ஐத் தொட்டால் கடுமை. வீட்டுக் கருவி தூங்கிய நேரத்தை அளக்காமல், பதிவான நேரம் முழுவதையும் கொண்டு வகுப்பதால் எண்ணிக்கை குறைந்து வரக்கூடும். சந்தேகம் பலமாக இருந்தால் ஆய்வகத்தில் ஓர் இரவு படுத்துச் சோதிக்கக் கேளுங்கள்.

ஆப்னியாவுக்கு, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தந்து மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவி கொடுத்தால் முதல் 3 மாதம்தான் சோதனைக் காலம். அதற்குள் ஏதாவது தொடர்ச்சியான 30 நாளில் 70 சதவீத இரவுகள், இரவுக்கு 4 மணி நேரமாவது போட்டிருந்தால்தான் மெடிகேர் எனும் அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு தொடர்ந்து பணம் தரும். பலர் தோற்பது முகமூடியால்தான். காற்று கசிகிறதென்று வாரை இறுக்க இறுக்க மூக்குத்தண்டு புண்ணாகும், கசிவும் நிற்காது. அளவை மாற்றித் தரச் சொல்ல வேண்டும். வாய் வறண்டால் வாய்வழி மூச்சு விடுகிறார் என்று பொருள். வாயையும் மூடும் முகமூடி உதவும். ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றுங்கள். பகலில் டிவி பார்க்கும்போது 20 நிமிடம் போட்டுப் பழகினால் இரவில் மிரட்சி குறையும். சிபேப் டிமென்ஷியாவைத் தடுக்கும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. பகல் தூக்கமும் ரத்த அழுத்தமும் குறைவது நிச்சயப் பலன்.

இன்னொன்று: அவருக்கு ஸ்பானிஷ்தான் வசதி என்றால் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அமெரிக்க அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்தாக வேண்டும். சிறுநீர், அசதி, மறதி பற்றியெல்லாம் பிள்ளைகள் முன் அவர் மனம்விட்டுப் பேச மாட்டார்.

கேள்வி: நான் கவனித்துக்கொள்ளும் கியூபப் பெரியவர் தூக்கம் வராமல் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் 'பிஎம்' என்ற இரவுத் தூக்க மாத்திரை போடுகிறார். சரியா?
– வாசகி, மயாமி

பதில்: வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் இருப்பது டைஃபென்ஹைட்ரமின் என்ற, தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்து. முதியவர்களுக்குக் குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, கீழே விழுதல் எல்லாம் இதனால் வரும். அமெரிக்க முதியோர் மருத்துவர் சங்கத்தின் தவிர்க்க வேண்டிய மருந்துகள் பட்டியலில் இது இருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லாத நடத்தைப் பயிற்சிதான். எழும் நேரம் தினமும் ஒன்றே. சுமார் 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து, கண் சொருகும்போது திரும்பலாம். 9 மணி நேரம் படுத்து 6 மணி நேரமே தூங்குபவருக்குப் படுக்கையில் இருக்கும் நேரத்தை ஆறு, ஆறரை மணி நேரமாகக் குறைப்பார்கள். படுத்த நேரத்தில் 85 சதவீதமாவது தூங்கத் தொடங்கியதும் 15 நிமிடம் கூட்டுவார்கள். முதல் இரண்டு வாரம் பகலில் தூக்கக் கலக்கமாக இருக்கும். அதில்தான் பலர் கைவிடுகிறார்கள். கீழே விழும் அபாயமோ வலிப்போ உள்ளவருக்கு மருத்துவர் மேற்பார்வையில்லாமல் இதைச் செய்யக் கூடாது.

கேள்வி: கனவில் கத்திக்கொண்டு கை காலை வீசுவதும் மறதி நோயின் அறிகுறியா?
– வாசகர், சிகாகோ

பதில்: இருக்கலாம். பார்கின்சன் என்ற நடுக்க நோய், லூயி பாடி டிமென்ஷியா என்ற ஒரு வகை மறதி நோய் இரண்டுக்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே இது தலைகாட்டுவதுண்டு. சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் வரும் என்பதால், சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் எழுதிக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அதுவரை கட்டில் பக்கத்தில் கூர்மையான மேசையோ கண்ணாடிச் சாமானோ வேண்டாம். துணைவர் தனிக் கட்டிலில் படுப்பது நல்லது.