அக்சலோட்டல் தொட்டியை வன்னி வெயிலில் விசிறி குளிர்விக்குமா?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகன் கொழும்பில் வாங்கி வந்த அக்சலோட்டலை (வாழ்நாள் முழுதும் நீரிலேயே வாழும் ஈரூடகவாழி, தவளைக்கு உறவானது) முன் விறாந்தையில், 100 லீற்றர் தொட்டியில் வைத்திருக்கிறார்கள். மத்தியானத்தில் நீர் 31 பாகை செல்சியஸ் காட்டுகிறது. மூன்று நாளாக அது மண்புழுவைத் தொடவில்லை. வால் நுனியும் சுருண்டிருக்கிறது. சின்ன விசிறி ஒன்றைப் பூட்டி, வெயில் கூடினால் ஐஸ் போத்தல் போட்டால் போதும் என்று விற்றவர் சொன்னாராம். அது போதுமா என்று கேட்கிறார்.

போதாது, அம்மா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீற்றர் உயரத்தில், மெக்சிக்கோ நகரத்தை ஒட்டிய சொச்சிமில்கோ நீர்நிலைகளில் வாழும் உயிரி அது. 16 முதல் 18 பாகை வரையான நீரே அதற்கு ஏற்றது. 20க்கு மேல் போகவிடக் கூடாது, 24ஐத் தாண்டினால் ஆபத்து. சூடான நீரில் ஒட்சிசன் குறைகிறது, கழிவிலிருந்து வரும் அமோனியாவின் நச்சு கூடுகிறது, பூஞ்சணமும் எளிதில் பிடிக்கிறது. போன சித்திரையில் ஒரு பொடியன் வாளியில் என்னிடம் கொண்டுவந்த அக்சலோட்டலின் செவுள் இழைகள் உதிர்ந்து தண்டு மட்டும் மிஞ்சியிருந்தன. அந்தத் தண்டில் பஞ்சு ஒட்டியதுபோல் வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதைக் காப்பாற்ற முடியவில்லை.

விசிறி நீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. ஆகவே காற்றின் ஈரப்பதன் எவ்வளவு இடம் தருகிறதோ அவ்வளவுக்குத்தான் சூடு இறங்கும். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறியின் முன் பிடித்துப் பாருங்கள். அது காட்டும் அளவுக்குக் கீழே எந்த விசிறியும், எந்த மண்பானையும் நீரைக் கொண்டுபோகாது. வன்னியில் வெயில் காலத்தில் அந்த அளவு பெரும்பாலும் 25ஐச் சுற்றியே நிற்கும். சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) உலர்ந்து வீசும் மாதங்களில் மட்டும் விசிறி சற்று நன்றாக வேலை செய்யும். நீர் மூன்று நான்கு பாகை இறங்குவதைக் கண்டு பலர் வெற்றி என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் 31இலிருந்து நான்கு பாகை இறங்கினாலும் 27தான். தங்கமீனுக்கு அது போதும், அக்சலோட்டலுக்குப் போதாது. சோழகம் ஓய்ந்து காற்றில் ஈரம் கூடியதும் அந்த நான்கு பாகையும் இல்லாமற் போகும்.

ஐஸ் போத்தலின் கணக்கும் இப்படித்தான். ஒன்றரை லீற்றர் போத்தல் முழுவதும் உறைந்திருந்தாலும், 100 லீற்றர் நீரை ஏறத்தாழ ஒன்றரைப் பாகைதான் இறக்கும். 18க்குக் கொண்டுவர எட்டு ஒன்பது போத்தல்கள் வேண்டும். அவை உருகி முடிந்ததும் நீர் மறுபடி சூடேறும், அந்த ஏற்ற இறக்கமே விலங்கை வதைக்கும்.

விற்பவர்கள் சொல்லும் இரண்டு கதைகளை நம்பாதீர்கள். "இங்கேயே பொரித்த குஞ்சு, வெயிலுக்குப் பழகியது" என்பது முதலாவது. குளிரூட்டிய அறையில் வளர்ந்த குஞ்சு எந்த வெயிலுக்கும் பழகவில்லை. இங்கே பிறந்ததால் உடல் மாறிவிடுவதும் இல்லை. இரண்டாவது, உள்ளங்கையளவு மின்தகடு வைத்த கருவியைச் "சில்லர்" (நீரைக் குளிரூட்டும் பொறி) என்று தள்ளிவிடுவது. உங்கள் தொட்டிக்குப் பத்தில் ஒரு குதிரைவலுவுக்குக் குறையாத, கொம்பிரசர் உள்ள சில்லர் வேண்டும். கொம்பிரசர் இருக்கிறதா என்று கேட்டாலே பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள். உயிருள்ள ஒன்றை விற்பவர் அதற்கு எந்த வெப்பநிலை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கக்கூட இங்கே யாரும் வற்புறுத்துவதில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சில்லர் வாங்கினால் தொட்டியை விறாந்தையிலிருந்து எடுத்து, வெயில் படாத உள்ளறையில் வையுங்கள். பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் அடிப்பகுதிக்கும் றெஜிபோம் (தேர்மக்கோல்) ஒட்டி, மேலே மூடுங்கள். சில்லர் வெளிவிடும் சூடு அதே அறைக்குள் தேங்காதபடி சன்னல் திறந்திருக்க வேண்டும். முன்னறிவித்தல் இல்லாமல் மின்சாரம் நின்றுபோகலாம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம்கூட இருளில் இருந்தோம். அந்த நேரத்துக்காக மட்டும் நாலைந்து ஐஸ் போத்தல்களை உறைபெட்டியில் வைத்துக்கொண்டு, நீர் 20ஐத் தாண்டும்போது ஒவ்வொன்றாக இறக்குங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது வேறு. மூடியில் துளையிட்ட பிளாஸ்ரிக் பெட்டியில் தொட்டி நீரையே ஊற்றி, அக்சலோட்டலை அதில் விட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைபெட்டியில் வைக்காதீர்கள். நீர் மெல்ல மெல்லக் குளிரும், அதுதான் தேவை. நாளாந்தம் முழு நீரையும் மாற்றுங்கள். மாற்றும் நீரை முதல் நாளே பக்கத்தில் வைத்துக் குளிரவிடுங்கள். குழாய் நீரானால் குளோரீனை நீக்கிய பின்னரே பயன்படுத்துங்கள். சில்லர் வரும்வரை அது அங்கேயே இருக்கட்டும். சில்லர் வாங்க வசதி இல்லையென்றால், நுவரெலியாப் பக்கம் வளர்ப்பவர் யாரிடமாவது இந்த வாரமே ஒப்படைத்துவிடுங்கள்.